அகரமும் அறமும்: எழுத்து வரிசையில் எழுந்த நூல்கள்

விஜயதசமி நாளிலும் தைப்பூச நாளிலும் நம் கிராமத்து ஆலயங்களிலே ஏடு தொடக்கும் வைபவம் நடைபெறுவதை அடியார்கள் யாவரும் அறிவர். புத்தாடை உடுத்து, நெற்றியில் திருநீறு தரித்து, தந்தையின் மடியிலோ தாத்தாவின் மடியிலோ இருக்கின்ற குழந்தையின் சுட்டுவிரலைக் குருக்கள் பிடித்துத் தாம்பாளத்திலே பரப்பிய பச்சையரிசியின் மேல் ‘அ’ என்று எழுதுவிக்கிறார். சில பிள்ளைகள் அழுகின்றன. சில பிள்ளைகள் அரிசியை அள்ளி வாயிலே போடுகின்றன. பெற்றோர் படம் பிடித்துக்கொள்கின்றனர். பிரசாதம் வழங்கப்படுகிறது. அத்துடன் அன்றைய வைபவம் நிறைவு பெறுகின்றது.

ஆனால் நம் முன்னோர் அந்த ஓர் எழுத்தோடு நின்றுவிடவில்லை. ‘அ’ என்ற எழுத்தைப் பிள்ளையின் விரலுக்குக் கொடுத்த கையோடு, அவ்வெழுத்தில் தொடங்கும் ஓர் அறத்தை அதன் வாய்க்கும் கொடுத்தார்கள். அடுத்த நாள் ‘ஆ’, அதற்கடுத்த நாள் ‘இ’ என்று அரிவரி வளர வளர அறமும் உடன் வளர்ந்தது. அதற்கென்றே எழுத்து வரிசையை அடிப்படையாகக் கொண்டு நூல்கள் செய்யப்பட்டன. அவ்வாறு எழுந்த நூல்கள் எவை, அவை எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றை இன்று பிள்ளைகளுக்கு ஊட்டுவது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கின்றது.

எழுத்தும் இறைவனும்

தமிழில் உயிரெழுத்துக்கள் 12. மெய்யெழுத்துக்கள் 18. இவை கூடிப் பிறக்கும் உயிர்மெய்யெழுத்துக்கள் 216. ஆய்த எழுத்து 1. ஆக மொத்தம் 247 எழுத்துக்கள் என்பது பாலர் வகுப்பிலேயே கற்கும் கணக்காகும்.

இவ்வெழுத்துக்களின் தலைமையான அகரத்தை இறைவனுக்கு உவமையாகக் கூறித் தம் நூலைத் தொடங்கினார் திருவள்ளுவர். எழுத்துக்களுக்கெல்லாம் அகரம் எவ்வாறு முதலோ, உலகுக்கு அவ்வாறு இறைவன் முதல் என்பது அக்குறளின் கருத்து. மேலும் 1330 குறட்பாக்களையும் கொண்ட அந்நூல் அகரத்திலே தொடங்கி, தமிழ் நெடுங்கணக்கின் கடைசி எழுத்தாகிய ‘ன்’ என்பதிலே முடிவடைகின்றது. எழுத்துக்களால் உணர்த்தக்கூடிய பொருள் அனைத்தும் இந்நூலுள் அடங்கும் என்பதற்கு இதனை ஓர் அடையாளமாக அறிஞர் எடுத்துக் காட்டுவர்.

சைவத் திருமுறைகளிலும் எழுத்து வரிசையைப் பின்பற்றிய பதிகம் ஒன்று உண்டு. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய ஐந்தாந் திருமுறையிலே ‘சித்தத்தொகை’ என்னும் திருக்குறுந்தொகைப் பதிகம் இடம்பெற்றுள்ளது. முதற்பாடலை அடுத்து அகரத்திலே ஒரு பாடல், ஆகாரத்திலே ஒரு பாடல் என்று உயிர் வரிசையாகச் சென்று, பின்னர் ககரம் முதலான மெய் வரிசைக்குள் அது நுழைகின்றது. தமிழ்ச் சொல்லுக்கு முதலாக வருவது அரிதான ஙகரத்தைக்கூட அப்பர் சுவாமிகள் தவிர்க்காது, அவ்வெழுத்தின் பெயரையே பாட்டின் தொடக்கமாக வைத்துப் பாடியிருக்கின்றார். எழுத்து ஒவ்வொன்றும் சிவபெருமானை நினைப்பதற்கு ஒரு படி என்ற எண்ணம் அக்காலத்திலேயே இருந்தமை இதனால் அறியப்படும்.

ஆத்திசூடியின் அமைப்பு

எழுத்து வரிசையில் அமைந்த நூல்களுள் மக்களிடையே மிகவும் பரவியது ஔவையார் அருளிய ஆத்திசூடி ஆகும். ஔவையார் என்னும் பெயருடன் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்தோர் பலர். சங்க காலத்து ஔவையார் வேறு. இந்நூலைச் செய்தவர் வேறு. இவர் 12ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவர் என்பது அறிஞர் பலரின் கருத்தாகும். நூலின் பெயர் அதன் கடவுள் வாழ்த்தின் முதற்சொல்லாகும். ஆத்தி மலரைச் சூடியவர் சிவபெருமான். அவர் விரும்பி ஏற்ற பிள்ளையாரைத் துதித்தே நூல் தொடங்குகிறது என்று உரைகாரர் பொருள் கூறுவர். ஏடு தொடக்கும்போது முதலில் பிள்ளையாரை வணங்குவதும், எழுத்து நூல் பிள்ளையார் துதியுடன் தொடங்குவதும் ஒன்றுக்கொன்று பொருத்தமானவையே.

கடவுள் வாழ்த்து நீங்கலாக இந்நூலில் 109 அடிகள் உள்ளன. 247 எழுத்து இருக்க 109 அடி ஏன் என்ற கேள்வி எழலாம். அதன் கணக்குப் பின்வருமாறு:

உயிரெழுத்து வரிசைக்கு 12 அடிகள், ஆய்தத்துக்கு 1 அடி, ஆக 13.
க, ங, ச, ஞ என்று ன வரை மெய் வரிசைக்கு 18 அடிகள்.
க, கா, கி, கீ என்ற ககர வரிசைக்குக் ‘கௌ’ உட்பட 12 அடிகள்.
ச, த, ந, ப, ம, வ என்ற ஆறு வரிசைகளுக்கும் தலா 11 அடிகள் வீதம் 66.
மொத்தம் 109.

சொல்லுக்கு முதலில் பெருவழக்காக வரக்கூடிய எழுத்துக்களுக்கே வரிசை முழுவதும் தரப்பட்டிருப்பதை இக்கணக்கிலிருந்து அறியலாம். ட, ண, ர, ல, ழ, ள போன்ற எழுத்துக்கள் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. அவ்வெழுத்துக்களுக்கு ஔவையார் என்ன செய்தார்? முன்னால் ஓர் அகரத்தையோ இகரத்தையோ துணையாக வைத்து, உரிய எழுத்தை இரண்டாவதாக வரச் செய்தார். டகரத்துக்கு ‘இடம்’ என்ற சொல்லும், ளகரத்துக்கு ‘இளமை’ என்ற சொல்லும், ழகரத்துக்கு ‘அழகு’ என்ற சொல்லும் அவ்வாறு வந்தவையே. தனித்து நடக்க முடியாத எழுத்தை இன்னோர் எழுத்துக் கைப்பிடித்து அழைத்து வருகின்றது. இவ்வமைப்பை விளக்கிச் சொன்னால் பிள்ளைகள் மகிழ்ச்சியுடன் கேட்பார்கள். மொழிக்கு முதலில் வராத எழுத்துக்கள் எவை என்னும் இலக்கணமும் தானாகவே மனதில் பதிந்துவிடும்.

ஙகரத்துக்கு வந்த பெருமை

எழுத்துக்களுள் ‘ங’ பெரிதும் இடர்ப்பாடு தருவது. அதிலே தொடங்கும் சொல்லைத் தேடுவது கடினம். ஆகவே ஔவையார் அவ்வெழுத்தையே பாடமாக்கி, ஙகரத்தைப் போல இருக்குமாறு பிள்ளைக்குச் சொன்னார். இதற்கு இரண்டு வகையாக விளக்கம் கூறப்படுகின்றது.

ஒன்று, எழுத்தின் வடிவம் பற்றியது. ங என்ற எழுத்து வளைந்து நிற்பது போலப் பெரியோர் முன்னிலையில் வணங்கிப் பணிவுடன் நிற்க வேண்டும் என்பது.

மற்றையது, எழுத்தின் பயன் பற்றியது. ஙகர வரிசையிலே ‘ங’ ஒன்றுதான் வழக்கில் ஓரளவு பயன்படுகிறது. ஙா, ஙி, ஙீ முதலிய மற்றையவை பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஆயினும் அந்த ஓர் எழுத்தின் பொருட்டு அதன் இனத்தெழுத்துக்கள் எல்லாம் நெடுங்கணக்கிலே இடம்பெற்று வாழ்கின்றன. அதுபோலக் குடும்பத்தில் ஒருவர் உழைத்து முன்னேறினால், தம் இனத்தாரையும் அணைத்துத் தாங்க வேண்டும் என்பது.

வெளிநாட்டிலே இராப்பகலாக உழைத்து, இங்கே தங்கையின் திருமணத்தையும் தம்பியின் படிப்பையும் பெற்றோரின் மருந்துச் செலவையும் சுமக்கின்ற பிள்ளைகள் நம் கிராமங்களிலே பலர். அவர்கள் ஒவ்வொருவரும் ஙகரத்தின் இவ்விரண்டாவது பொருளை வாழ்ந்து காட்டுகிறவர்களே. ஒரு சொல்லும் தொடங்க முடியாத எழுத்துக்கு இவ்வளவு பெரிய பொருளை வைத்தமை ஔவையாரின் புலமைக்குச் சான்றாகும்.

எழுத்துக்கு ஒரு செயல்

இக்காலத்துப் பாலர் நூல்களில் ‘அ’ என்றால் அம்மாவின் படமும், ‘ஆ’ என்றால் ஆட்டின் படமும், ‘இ’ என்றால் இலையின் படமும் போடப்பட்டிருக்கின்றன. எழுத்தை அடையாளங் காண்பதற்கு இவை நல்ல முறையே, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் ஆத்திசூடிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. படநூல் எழுத்துக்கு ஒரு பொருளைக் காட்டுகின்றது. ஔவையார் எழுத்துக்கு ஒரு செயலைத் தருகின்றார்.

உயிர் வரிசையை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அகரத்திலே, தருமம் செய்வதில் ஆசை வேண்டும் என்கிறார். வெறுமனே செய் என்று கட்டளையிடாமல் ஆசைப்படு என்று சொன்னது கவனிக்கத்தக்கது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் கொடுப்பதற்குப் பொருள் இராது, ஆசை இருக்கலாம். ஆசை வேரூன்றினால் பின்னர் செயல் தானே வரும். ஆகாரத்திலே கோபத்தைத் தணிக்கச் சொல்கிறார். இகரத்திலே, தன்னால் கொடுக்க இயலுமானதை ஒளித்து வைக்க வேண்டாம் என்கிறார். ஈகாரத்திலே, இன்னொருவர் கொடுப்பதைத் தடுக்க வேண்டாம் என்கிறார். உகரத்திலே, தன்னிடம் உள்ள செல்வத்தைப் பறைசாற்ற வேண்டாம் என்கிறார்.

ஏகாரமும் ஐகாரமும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். பிறரிடம் இரந்து வாழ்வது இகழ்ச்சிக்குரியது என்கிறது முன்னையது. இரப்பவர்க்கு ஓர் உருண்டை கொடுத்துவிட்டே உண்ண வேண்டும் என்கிறது பின்னையது. முதலாவதை மட்டும் கற்றவன் இரப்பவரை இகழத் தொடங்குவான். இரண்டாவதை மட்டும் கற்றவன் உழைப்பில் தளர்வு கொள்ளக்கூடும். இரண்டையும் அடுத்தடுத்த எழுத்தில் வைத்ததனால், தனக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு கருணை என்று பிள்ளை இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்கின்றது.

உயிர் வரிசையின் இறுதியில் ஆய்தம் வருகின்றது. அதற்கு ‘அஃகம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். அஃகம் என்றால் தானியம். தானியத்தை அளவு குறைத்து விற்க வேண்டாம் என்பது அதன் பொருள். கொத்தாலும் மரக்காலாலும் நெல் அளந்த கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு இல்லை. அளவைக் கொத்தின் அடியைத் தட்டி மேடாக்கி வைக்கும் தந்திரத்தைப் பிள்ளை கற்கும் முன்பே, அது பாவம் என்பதைக் கற்றுவிட வேண்டும் என்று ஔவையார் கருதியிருக்கிறார் போலும்.

நகர வரிசையிலும் ஓர் அழகு உண்டு. நூகாரத்திலே பல நூல்களைக் கற்கச் சொல்கிறார். அதற்கடுத்த நெகரத்திலே நெற்பயிரை விளைவிக்கச் சொல்கிறார். ஏட்டுக்கும் ஏருக்கும் இடையே ஓர் எழுத்துத்தான் தூரம். படித்த பிள்ளை வயலில் இறங்குவதை வெட்கமாக நினைப்பதும், வயலில் நிற்பவனுக்குப் படிப்பு எதற்கு என்று மற்றவர் நினைப்பதும் ஔவையார் நெறிக்கு மாறானவை.

கொன்றை வேந்தன்

ஔவையாரின் மற்றோர் எழுத்து வரிசை நூல் கொன்றை வேந்தன். கொன்றை மாலை சூடிய சிவபெருமானையும் அவர் செல்வனாகிய பிள்ளையாரையும் வாழ்த்தித் தொடங்குவதால் இப்பெயர் பெற்றது. ஆத்திசூடி அடிகள் இரண்டு மூன்று சொற்களாலானவை. ஒரே மூச்சில் சொல்லக்கூடியவை. கொன்றை வேந்தன் அடிகள் அவற்றினும் சற்று நீண்டவை. ஆத்திசூடியை முடித்த பிள்ளைக்கு அடுத்த படியாக இது கற்பிக்கப்பட்டது.

இதில் 91 அடிகள் உள்ளன. ஆத்திசூடியின் 109 அடிகளில், தனி மெய் வரிசைக்குரிய 18 அடிகளைக் கழித்தால் 91 வரும். உயிரும் ஆய்தமுமாக 13, ககர வரிசைக்கு 12, ஏனைய ஆறு வரிசைகளுக்கு 66 என்று இரண்டு நூல்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பது இதனால் தெளிவாகும்.

இந்நூல் அகரத்தில் தாயையும் தந்தையையும் கண்கண்ட தெய்வமாகக் காட்டுகின்றது. அடுத்த ஆகாரத்தில் ஆலய வழிபாட்டின் நன்மையைக் கூறுகின்றது. முதலில் வீட்டிலுள்ள தெய்வங்கள். அடுத்துக் கோயிலிலுள்ள தெய்வம். இவ்வொழுங்கை அடியார்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். பெற்றோரைக் கவனியாது விட்டுவிட்டுக் கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பவர் ஆகாரத்தைப் படித்து அகரத்தை மறந்தவர் ஆவார்.

பாரதியாரின் புதிய வரிசை

காலம் மாறியபோது எழுத்து வரிசையும் புதுப்பொருள் ஏற்றது. மகாகவி சுப்பிரமணிய பாரதியார் (1882–1921) புதிய ஆத்திசூடி என்னும் பெயரில் 110 அடிகளைப் பாடினார். அந்நிய ஆட்சியின் கீழ் அடங்கிக் கிடந்த மக்களுக்கு முதலில் வேண்டியது துணிவு என்று கருதிய அவர், அகரத்தில் அச்சத்தை விடச் சொன்னார். காப்புச் செய்யுளிலே பல சமயத்தாரும் பல பெயர்களால் வணங்கும் பரம்பொருள் ஒன்றே என்று வாழ்த்தினார். சொல்லுக்கு முதலில் வராத ர, ல வரிசைகளையும் அவர் விட்டு வைக்கவில்லை. வடமொழிச் சொற்களைத் துணைக்கொண்டு அவற்றுக்கும் அடிகள் செய்தார். பின்னர் பாரதிதாசனும் தம் காலத்துக்கேற்ப ஓர் ஆத்திசூடி பாடினார்.

பழைய நூலில் உள்ள யாவும் எக்காலத்துக்கும் பொருந்துமா என்ற வினாவும் இவ்விடத்தில் எழுகின்றது. உதாரணமாக, தகர வரிசையிலே பெண்களின் சொற்கேட்டு நடக்க வேண்டாம் என்ற கருத்துடைய ஓர் அடி உண்டு. நூலைச் செய்தவரே ஒரு பெண். அவர் சொல்லைக் கேட்டே நாம் பிள்ளை வளர்க்கிறோம். இவ்வடிக்குச் சமாதானம் கூறும் உரைகளும் உள்ளன. எவ்வாறாயினும், இத்தகைய அடியைப் பிள்ளை மனப்பாடம் செய்யும்போது பெரியவர்கள் வாளா இருத்தல் ஆகாது. இது பழைய காலத்தின் எண்ணம் என்பதையும், இன்று வீட்டையும் பாடசாலையையும் கோயில் தொண்டையும் பெண்களே பெரும்பாலும் தாங்குகின்றார்கள் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். நூலை மதிப்பதும், அதனை ஆராய்ந்து கற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அகராதி என்னும் வரிசை

அறநூல்களை விட, எழுத்து வரிசையிலிருந்து பிறந்த மற்றொரு பெரும் நூல்வகை அகராதி ஆகும். அகரம் + ஆதி = அகராதி; அகரத்தை முதலாகக் கொண்டது என்பது பொருள். முற்காலத்தில் சொற்பொருளைக் கூறுவதற்கு நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளிலே, தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வகையாக அமைந்தவை. அவற்றை மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்து ஒரு புதுவழி திறந்தது. 1732ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டவராகிய வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளைக் கொண்ட சதுரகராதியைத் தொகுத்தார்.

இத்துறையில் ஈழநாட்டின் பங்கு பெருமைக்குரியது. 1842ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி என்றும் வழங்கப்படுவது, ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. சந்திரசேகர பண்டிதர் அதன் தொகுப்பிலே பெரும்பணி ஆற்றினார். 1902ஆம் ஆண்டில் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அபிதானகோசம் என்னும் நூலை வெளியிட்டார். புராண இதிகாசங்களில் வரும் பெயர்களும் புலவர்கள், அரசர்கள், தலங்கள் பற்றிய செய்திகளும் அகர வரிசையில் அதில் தரப்பட்டுள்ளன. தமிழில் கலைக்களஞ்சியம் என்னும் வகைக்கு அது முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. நூற்றுக்கணக்கான ஏடுகளைப் புரட்டித் தேட வேண்டியதை, எழுத்துத் தெரிந்த எவரும் நிமிட நேரத்தில் கண்டுகொள்ளுமாறு செய்தது அந்த வரிசையே. படித்தவர் சிலரிடம் பூட்டியிருந்த அறிவுக்கு எழுத்து வரிசை ஒரு திறவுகோல் ஆயிற்று.

நாவலர் பெருமானின் தொண்டு

நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879) 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சைவப் பிள்ளைகள் படிப்பதற்குச் சைவ நூல்கள் அச்சில் இல்லாத குறையை உணர்ந்து, 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அதுவே வித்தியாநுபாலன யந்திரசாலையாக மலர்ந்தது. அவர் அச்சிட்ட நூல்களுள் அவரே எழுதிய பாலபாடங்களும், ஆத்திசூடி, கொன்றை வேந்தன் என்பனவும் இடம்பெற்றன.

பெரிய புராணத்துக்கு வசனம் எழுதிய கை, இலக்கண உரைகளைப் பரிசோதித்த கை, அரிவரிப் பிள்ளையின் பாடத்தையும் எழுதிற்று. சிறுவர் நூல் சிறிய வேலை என்று அவர் ஒதுக்கவில்லை. முதலெழுத்தை எவர் கொடுக்கிறாரோ அவர் கொடுக்கும் நெறியையே பிள்ளை பற்றும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஒரு சமூகம் தன் சமயத்தை இழப்பதும் காப்பதும் பாலர் வகுப்பிலேயே தொடங்குகின்றது என்பதே அவர் தொண்டின் உட்பொருள் எனலாம்.

எரியாத ஏடு

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். எழுதியது அடுத்த கணமே அழிந்துவிடும். ஆகவே வாயால் சொல்லி மனதில் எழுதினார்கள். சட்டம்பியார் முதலடியைச் சொல்ல, பிள்ளைகள் தொடர்ந்து சொல்வார்கள். எழுத்து வரிசை அதற்குப் பேருதவி புரிந்தது. ஓர் அடி மறந்துபோனால், அடுத்த எழுத்து எது என்று எண்ணிப் பார்த்து அதனை மீட்டுக்கொள்ளலாம். நூலில் எது விடுபட்டாலும் இடைவெளி உடனே தெரிந்துவிடும். எழுத்து வரிசை நூலுக்குப் பூட்டாகவும் காவலாகவும் அமைந்தது.

எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் ஆத்திசூடியைத் தலைகீழாகச் சொன்னது இதனாலேயே. எழுத்து அறியாதவர்களிடம் எழுத்து வரிசை நூல் உயிர் வாழ்ந்தது விந்தையிலும் விந்தை.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அதன் பின் வந்த ஆண்டுகளில் யுத்தம் காரணமாக மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது சுமந்து செல்ல முடியாமல் விட்டுச்சென்ற பொருட்களுள் வீட்டுப் புத்தக அலுமாரிகளும் அடங்கும். திரும்பி வந்தபோது பலருக்கு வீடே இருக்கவில்லை. ஆனால் நாவிலே இருந்த நூல் மட்டும் கூடவே போய்க் கூடவே வந்தது. அதனைத் தீயும் தீண்டவில்லை, கள்வரும் கவரவில்லை.

அந்தத் தலைமுறை இப்போது ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றது. அவர்கள் நாவில் இருந்ததைப் பேரப்பிள்ளைகளின் நாவுக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், நெருப்புச் செய்யாததை நம் அசட்டை செய்துவிடும். அச்சிட்ட ஆத்திசூடி கடைகளில் கிடைக்கின்றது; தொலைபேசியிலும் கிடைக்கின்றது. கிடைக்கின்றது என்பதற்காகவே எவரும் அதனை மனதில் எழுதிக்கொள்ளாமல் விடுவது இக்காலத்தின் குறை.

கற்பிக்கும் முறை

பெற்றோரும் அறநெறிப் பாடசாலை ஆசிரியர்களும் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது பயன் தரும்.

1. ஏடு தொடக்கிய நாளின் மறுநாளே தொடங்குதல் வேண்டும். நாளுக்கு ஓரடி வீதம் கற்றாலும் 109 அடிகளையும் நான்கு மாதத்துள் முடித்துவிடலாம். மாலை விளக்கேற்றியவுடன் ஐந்து நிமிடம் போதுமானது.

2. ‘ஏல்’ என்று முடியும் சொற்களை முதலிலேயே விளக்குதல் வேண்டும். செய்யேல் என்றால் செய்யாதே என்பது பொருள். இதனை அறியாத பிள்ளை, செய்யாதே என்பதைச் செய் என்று விளங்கிக்கொண்டு அடியை நேர்மாறாகப் பொருள்கொள்ள இடமுண்டு.

3. ஒவ்வோர் அடிக்கும் வீட்டிலோ ஊரிலோ நடக்கும் ஒரு செயலை எடுத்துக்காட்டாகக் கூறுதல் வேண்டும். ஐகாரத்தைச் சொல்லிக் கொடுக்கும் நாளில் பிள்ளையின் கையாலேயே ஓர் ஏழைக்கு உணவு கொடுப்பித்தால், ஆயுள் முழுவதும் அது மறவாது.

4. வெளிநாட்டில் பிறந்து வளரும் பேரப்பிள்ளைகளுக்குத் தொலைபேசியூடாக நாளுக்கு ஓரடி சொல்லிக் கொடுக்கலாம். எழுத்தும் பேச்சும் அறமும் ஒருங்கே சென்றடையும்.

5. பிள்ளைகள் தாமே ஒரு புதிய வரிசை செய்து பார்க்க ஊக்குவிக்கலாம். பாரதியார் செய்ததை நம் பிள்ளைகளும் தம் அளவில் செய்யலாம். அகரத்துக்கு ஒரு நற்செயல் தேடும் பிள்ளை, அன்றைய பொழுதில் அந்நற்செயலையே எண்ணிக்கொண்டிருக்கும்.

முதலடியும் முடிவடியும்

நிறைவாக, வகர வரிசையில் உள்ள இரண்டு அடிகளை நோக்குவோம். வு, வூ, வொ, வோ என்பவை தமிழ்ச் சொல்லுக்கு முதலாக வருவதில்லை. ஆகையால் அவ்விடங்களில் உ, ஊ, ஒ, ஓ என்ற உயிர்களை ஔவையார் அமர்த்தினார். அவ்வாறு ‘வூ’ இருக்க வேண்டிய இடத்தில் வந்தமர்ந்தது ‘ஊர்’ என்னும் சொல். ஊராரோடு ஒன்றுபட்டு வாழ வேண்டும் என்பது அவ்வடியின் கருத்து. ஒரு வீதியில் இரண்டு கட்சி, ஒரு திருவிழாவில் இரண்டு அணி என்று பிரிந்து நிற்பவர்கள் இவ்வடியைச் சிறுவயதில் படித்தவர்களே என்பதை எண்ணும்போது, படிப்பது வேறு, நிற்பது வேறு என்பது புலனாகும்.

109ஆவது அடியாகிய கடைசி அடி ஓகாரத்தில் அமைந்துள்ளது. வழக்குத் தீர்க்கும் இடத்திலே ஒரு பக்கம் சாய்ந்து பேச வேண்டாம் என்பது அதன் கருத்தாகும். இது ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்ன அறிவுரை அன்று. ஊரில் பெரியவராகி, நான்கு பேர் நடுவே இருந்து நியாயம் சொல்லும் நிலைக்கு வந்தவருக்குச் சொன்ன அறிவுரை. அறஞ்செய்ய ஆசைப்படு என்று குழந்தையிடம் தொடங்கிய நூல், நடுநிலை தவறாதே என்று முதியவரிடம் வந்து முடிகின்றது. அகர வரிசை ஒரு மனிதனின் ஆயுள் வரிசையாகவும் அமைந்துவிட்டது.

ஆகவே ஆத்திசூடி பிள்ளைகளுக்கு மட்டும் உரிய நூல் என்று கொள்ளலாகாது. ஆலய பரிபாலனத்தில் இருப்போரும், சங்கங்களை நடத்துவோரும், குடும்பத்தில் மூத்தோரும் அதன் கடைசி அடியைத் தமக்கு உரியதாகக் கொள்ளுதல் வேண்டும். பச்சையரிசியில் எழுதிய அகரம் அன்றே கலைந்துவிடும். அதனோடு சேர்த்து மனதில் எழுதிய அறம் கலையாது நிற்க எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்